வகுப்புவழி நூற்பா நான்கும் நறுவிலிக்குளத்து உரையும்

லினக்ஸ் கணினியில் ஜாவா நிரலொன்று தனக்கு வேண்டிய லைப்ரரிகளை எங்கே, எந்த வரிசையில் தேடும் என்பதை இதுகாறும் பொறியாளர்களே பேசி வந்தனர். அவர்கள் அவசரக்காரர். நள்ளிரவில் ஏதோ ஒரு வரியை மாற்றிப் பார்த்து, நிரல் ஓடிவிட்டால் ஏன் ஓடிற்று என்று கேளாமலே படுக்கப் போய்விடுவர். அதனால் கிளாஸ்பாத், அதாவது வகுப்புவழி, என்னும் இப்பெரும்பொருள் இலக்கணமின்றியே கிடந்தது. அக்குறை நீக்க இந்நூல் எழுந்தது. நூற்பா நான்கு. இயற்றியவரும் உரைகாரரும் ஒருவரே ஆதலின் பாடபேதம் இல்லை. கருத்து வேறுபாடு மட்டும் உண்டு.

களம்

உரைக்குக் களம் நறுவிலிக்குளம். மன்னார்ப் பெருநிலத்தில் நானாட்டான் பக்கத்து ஊருக்கும் ஜாவாவுக்கும் என்ன உறவு எனின், வரிசைப் பிணக்கு என்க. அருவியாற்று நீர் தேக்கம் அணையில் திரும்பி, கட்டுக்கரைக் குளத்தில் தங்கி, துருசு வழியே இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயல் சேரும் வட்டாரம் இது. போகம் தொடங்குமுன் கமக்காரர் கூட்டம் கூடும். எந்நாளில் துருசு திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பேசித் தீர்ப்பர். தலைமடைக்காரர் குடித்த மிச்சமே கடைமடைக்கு என்பதை இங்கே பள்ளிப் பிள்ளையும் அறியும். எனவே கடைமடைக் கமக்காரருக்குக் கிளாஸ்பாத்தை விளக்க ஒரு தேநீர் நேரம் போதும். கணினிப் பட்டதாரிக்கு ஒரு பருவம் வேண்டும்.

முதல் நூற்பா

*முன்வரு ஜாரே முதன்மை யாகும்;*
*பின்வரு ஜாரைப் பேசுநர் இல்லை.*

என்பது என் நுதலிற்றோ எனின், தேடும் வரிசை உணர்த்துதல் நுதலிற்று. ஜார் என்பது 1997இல் ஜாவா 1.1 பதிப்போடு வந்த, வகுப்புகளை அடைக்கும் பொதி. உறையை விலக்கினால் உள்ளே இருப்பது சாதாரண ஸிப் கோப்பு. ஒரே பெயருள்ள வகுப்பு இரண்டு ஜாரில் இருந்தால், இயந்திரம் எது புதிது, எது நல்லது என்று ஆராயாது. வரிசையில் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். பதிப்பு 3 பின்னால் கைகட்டி நிற்க, பதிப்பு 1 வேலை செய்யும். அரச அலுவலகம் கண்டவர்க்கு இதில் வியப்பில்லை.

இதனால் விளையும் பிழை மூவகைப்படும். ஓடும்போது பெயர் சொல்லிக் கேட்ட வகுப்பு அகப்படாமை ஒன்று. அது கிளாஸ்நாட்ஃபவுண்ட் எனப்படும். தொகுக்கும்போது இருந்தது ஓடும்போது காணாமற்போதல் இரண்டு, அது நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட். வகுப்பு வந்தும், வந்தது பழைய ஆள் ஆகையால் கேட்ட வேலை அவருக்குத் தெரியாமை மூன்று, அது நோசச்மெத்தட். முதலிரண்டும் இல்லாமையால் வருவன. மூன்றாவது இருப்பதால் வருவது; ஆதலின் அதுவே கொடிது.

இடங்களைப் பிரிக்க யூனிக்ஸ் மரபில் முக்காற்புள்ளி இடுவர். விண்டோஸ் மரபில் அரைப்புள்ளி. விண்டோஸ் வரியை மேற்கோட்குறி இல்லாமல் லினக்ஸில் ஒட்டினால், அரைப்புள்ளியில் கட்டளை முடிந்ததென்று ஷெல் கொள்ளும். எஞ்சிய ஜாரைத் தனிக் கட்டளையாக எண்ணி ஓட்டப் பார்த்து, முடியாதென்று கைவிரிக்கும்.

இரண்டாம் நூற்பா

*கட்டளை யுரைப்பின் சூழலைத் தள்ளும்;*
*ஜாரெனத் தொடங்கின் இரண்டையும் தள்ளும்.*

ஒன்றும் சொல்லாவிட்டால் ஜாவா தான் நிற்கும் அடைவில் மட்டும் தேடும். கிளாஸ்பாத் என்னும் சூழல்மாறியில் ஏதேனும் எழுதினால், நிற்கும் இடத்தை மறந்துவிடும். வேண்டுமானால் ஒற்றைப் புள்ளியிட்டு அதையும் சேர்க்கவேண்டும். கட்டளை வரியில் மைனஸ் சிபி கொடுத்தால் சூழல்மாறி செல்லாது. மைனஸ் ஜார் என்று தொடங்கினாலோ இரண்டும் செல்லா. அந்த ஜாருக்குள்ளிருக்கும் மேனிஃபெஸ்ட் என்னும் குறிப்புக்கோப்பு சொன்னதே சட்டம்.

அற்றேல், எல்லா நிரலுக்கும் உதவட்டும் என்று பயனர் பேஷ்ஆர்சி கோப்பில் சூழல்மாறியை நிரந்தரமாக எழுதி வைப்பது அறமன்றோ எனின், அன்று. அது எல்லா வாய்க்காலுக்கும் ஒரே துருசை எப்போதும் திறந்துவிட்டு ஊருக்குப் போவது. எவர் வயல் மூழ்கிற்று என்பது திரும்பி வந்தபின்தான் தெரியும்.

மூன்றாம் நூற்பா

*உடுக்குறி யிட்டார் ஒழுங்கு கேளார்.*

2006இல் வந்த ஜாவா 6, அடைவின் பெயருக்குப் பின் உடுக்குறி இட்டால் அங்குள்ள ஜார் அனைத்தையும் சேர்த்துக்கொள்ளும் சலுகையை அளித்தது. ஆனால் எந்த வரிசையில் சேர்க்கும் என்பதற்கு உறுதி தரவில்லை. ஒரே கணினியில் ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும்கூட அது மாறலாம். முதல் நூற்பாவோ வரிசையே உயிர் என்றது. இரண்டையும் ஒருங்கே கொண்டவர் கதி யாது எனின், இரட்டை ஜார் இல்லாதவரை நலம், இருப்பின் விதி.

ஜார்களைச் சேர்க்கும் முறை வளர்ந்ததற்குச் சான்று தேடி அமெரிக்கா போகவேண்டா. இலங்கைப் பொறியாளர் பலர் உழைத்த அப்பாச்சி ஆக்சிஸ்2 என்னும் இணையச்சேவைப் பொறியின் 1.0 பதிப்பு 2006 மே மாதம் வெளியாயிற்று. அதன் லிப் அடைவு ஜார்களின் சந்தை. யூனிக்ஸில் அதைத் தொடக்கும் ஷெல் நிரல், அவ்வடைவிலுள்ள ஜார்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முக்காற்புள்ளியால் கோத்து, ஒரு நீண்ட கிளாஸ்பாத் ஆக்கும். 2005இல் தொடங்கிக் கொழும்பில் வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் பின்னர் கார்பன் தளத்தை ஓஎஸ்ஜிஐ முறையில் கட்டியது. அம்முறையில் ஒவ்வொரு பொதியும் தனக்கு எது வேண்டும், எப்பதிப்பு வேண்டும் என்று எழுதியே உள்ளே வரவேண்டும். கோத்தலிலிருந்து எழுதலுக்கு வந்த இவ்வளர்ச்சியே இவ்விலக்கணத்தின் வரலாறு.

நான்காம் நூற்பா

*பொதுவெனப் படுவது பொறுப்பொடு நிற்கும்;*
*தனியெனப் படுவது தேடலில் தெரியும்.*

லைப்ரரியைப் பொதுவில் வைப்பதா, தனித்து வைப்பதா என்னும் இதன்கண் இரு கட்சியுண்டு. பொதுவாய்க்காலார் ஒரு கட்சி. டெபியன் லினக்ஸ் அவர்க்குத் தலைமைப்பீடம். அங்கே யூஎஸ்ஆர் அடைவுக்குள் ஷேர், அதற்குள் ஜாவா என்று ஓரிடம் உண்டு. ஒவ்வொரு ஜாரும் பதிப்பெண்ணுடன் அங்கே குடியிருக்கும். எண்ணில்லாத பெயரொன்று குறியிணைப்பாக அதைச் சுட்டி நிற்கும். பதிப்பு மாறினால் சுட்டு மாறும், நிரல்களைத் தொடவேண்டியதில்லை. இக்கட்சியின் மிகைக்கும் சான்றுண்டு. ஜாவாவே 1998இல் 1.2 பதிப்பில் எக்ஸ்ட் என்னும் பொது அடைவை வைத்தது. எவர் எதைப் போட்டாலும் அந்த ஜாவாவில் ஓடும் எல்லா நிரலுக்கும் அது தெரியும். யார் போட்டார் என்பது மட்டும் தெரியாது. 2017இல் ஜாவா 9 அதை மூடியது.

தனிக்கிணற்றார் மறு கட்சி. தம் லைப்ரரிகளைத் தாமே சுமந்து, எல்லாவற்றையும் ஒரே பருத்த ஜாருக்குள் திணித்துக்கொள்வர். டாம்கேட் சேவையகமும் இவர்க்கு இடங்கொடுக்கும். செயலியின் சொந்த வெப்இன்ஃப் லிப் அடைவை அது முந்திப் பார்க்கும். பொது அடைவு அதற்குப் பின்னரே. அண்டை வீட்டார் என்ன பதிப்பு வைத்திருந்தாலும் இவர்க்குக் கவலையில்லை.

கவலை 2021 டிசம்பரில் வந்தது. பதிவெழுதும் சிறு லைப்ரரியான லாக்4ஜேயில், தொலைவிலிருப்பவர் தன் நிரலை நம் கணினியில் ஓட்டிவிடக்கூடிய ஓட்டை வெளிப்பட்டது. ஆபத்து அளவுகோலில் பத்துக்குப் பத்து. திருத்தமாக 2.15.0 வந்தது, அதே மாதத்துக்குள் 2.16.0, 2.17.0, 2.17.1 என மேலும் மூன்று வந்தன. பொதுவாய்க்காலில் ஒரு ஜாரை மாற்றி, நிரல்களை மறுமுறை தொடக்கினால் போதும். தனிக்கிணற்றார்க்கோ ஜாருக்குள் ஜார், அதற்குள் ஜார். எந்தக் கிணற்றில் நஞ்சு என்று உலகெங்கும் நத்தார்ப் பண்டிகை நேரத்தில் வாளி விட்டுப் பார்த்தனர்.

அற்றேல், பொதுவாய்க்காலே சிறந்தது எனின், அதுவும் அன்று. இரண்டு நிரல் ஒரே லைப்ரரியின் ஒவ்வாத இரு பதிப்புகளைக் கேட்டால் பொதுவாய்க்கால் ஒருவர்க்கே நீர்விடும். மற்றவர் மூன்றாம்வகைப் பிழையோடு வந்து நிற்பார்.

முடிபு

இரு கட்சியும் பிழைப்பது ஓரிடத்தில்தான். பங்கிடுவதா, தனித்து வைப்பதா என்று வாதாடினரே அன்றி, எது எங்கே இருக்கிறது, யார் வைத்தார் என்று பலர் எழுதவில்லை. கமக்காரர் கூட்டத்தின் வலிமை தண்ணீரில் இல்லை. தீர்மானம் எழுதப்படுவதில் உள்ளது. ஆதலின் ஜாரின் பெயரில் பதிப்பெண் நீக்கற்க. வரிசை முக்கியமாயின் உடுக்குறி இடற்க. சூழல்மாறியை நிரந்தரமாக்கற்க. ஐயம் வந்தால் மைனஸ் வெர்போஸ் கிளாஸ் என்னும் தேர்வைச் சேர்த்து ஓட்டுக. எந்த வகுப்பு எந்த ஜாரிலிருந்து ஏறிற்று என்று இயந்திரமே ஒப்புவிக்கும். பொது அடைவில் ஜார் போடுவோர் பெயரும் நாளும் காரணமும் பக்கத்தில் ஒரு கோப்பில் எழுதுக.

இத்தனையும் செய்தபின் நிரல் ஓடாதெனில், அது கிளாஸ்பாத்தின் குற்றமன்று. நிரலே பிழையானது என்று தெளியலாம். அத்தெளிவு தருவதே இந்நூற்பயன் என்க.