கயிறு கையில் இருந்தா மாட்டுக்காரனா?

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். கருப்பட்டிக் கடைக்கு டாட் காம் பேரு வாங்கப் போறீராம்லா? அதுவும் எண்பதாயிரத்துக்கு. அக்காதான் சொன்னா. சொல்லும்போது அவ குரல்ல பெருமை பாதி, பயம் பாதி.

யாருகிட்ட வாங்குதீரு? ஆன்லைன்ல ஒரு சாரா? மூஞ்சியப் பாத்தீரா? இல்ல. ஆளு ரொம்பத் தன்மையாப் பேசுதாராக்கும். பேசத்தான் செய்வாரு. மேலப்பாளையம் சந்தையில முப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன்வே நான். களவாண்ட மாட்டைப் புடிச்சுக்கிட்டு வந்தவன் எவனும் முறைச்சுக்கிட்டு நின்னதில்ல. அவன்தான் முதல்ல டீ வாங்கிக் குடுப்பான்.

அவரு அனுப்புன படத்தைக் காட்டும். அட! அவரு கணக்குல இந்தப் பேரு இருக்குன்னு ஸ்கிரீன்ஷாட்டு. நல்லாத்தான் இருக்கு. ஏழாங்கிளாஸ் படிக்க என் பேரன் போன வாரம் மணிமுத்தாறு அணை என் பேருல இருக்க மாதிரி ஒரு பத்திரம் செஞ்சு போன்ல காட்டுனான். ஒரு நாள் பூரா அணைக்கு ஓனரா இருந்தேன்.

என்ன முழிக்கீரு? இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? இந்த டாட் காம் பேரை டொமைன்னு சொல்லுதாங்கள்லா, பேத்தி சென்னையில அந்த வேலைதான் பாக்கா. பொங்கலுக்கு வந்தப்ப ரெண்டு ராத்திரி சொல்லித் தந்தா. கேட்டா, நம்ம சந்தைக் கதையேதான்.

உம்ம ஆளு கையில கயிறு இருக்கான்னு முதல்ல பாரும். நீரே ஒரு கோட்டிக்காரச் சொல்லாக் குடும். ‘பனைமரத்துல எருமை 47’ன்னு வச்சுக்கிடும். அதை அந்த டொமைனோட டிஎன்எஸ்ல டெக்ஸ்ட் ரெக்கார்டாப் போடச் சொல்லும். கணக்கைத் திறக்க முடிஞ்சவனாலதான் அது ஆகும். போட்டுட்டாம்னா கொஞ்ச நேரத்துல நீரு இங்கன உக்காந்தே பாத்துக்கிடலாம். “சர்வர் டவுன், அதுக்குப் பதிலா அந்த டொமைன் பேருலயே இமெயில் அனுப்புதேன்”னு சொன்னாரா, சிரிச்சுக்கிட்டே போனை வச்சிரும். போஸ்ட் கார்டுல அனுப்புநர் இடத்துல எவன் பேரை வேணாலும் எழுதலாம். இமெயிலும் அந்தச் சாதிதான்.

எருமை வந்துட்டுன்னு உடனே துட்டை எண்ணாதியும். கயிறு கையில இருக்கவன்லாம் மாட்டுக்காரன் இல்ல.

மார்க் மேட்சன்னு ஒருத்தரு, அமெரிக்காவுல என்பிஏ கூடைப்பந்து ஆடுனவரு. ஈபேல பி2பி டாட் காம்ங்கற பேரை 1,11,000 டாலர் குடுத்து வாங்குனாரு. வித்தவன் கையில கயிறு இருக்கத்தான் செஞ்சுது. ஆனா 2006ல அவன் அந்தப் பேருக்காரங்க கணக்குக்குள்ள பூந்து தன் பக்கம் இழுத்துக் கட்டிக்கிட்ட மாடு அது. அவங்க முந்தின வருசந்தான் 1,60,000 டாலர் குடுத்து வாங்கிக் கட்டியிருந்தாங்க. அவனைப் புடிக்க 2009 ஆயிட்டு. மேட்சன் பாவம், ஒண்ணும் அறியாதவரு. ஆறடி ஒம்பது அங்குலம் உசரம். அம்புட்டு உசரத்துல நின்னு பாத்தவருக்கே தெரியல, உமக்கு எம்புட்டு உசரம்?

அதனால சூட்டைப் பாக்கணும். களவு மாட்டுல பழைய சூட்டு மேல புதுச்சூடு போட்டிருப்பான், தடவுனாத் தெரியும். முன்னயெல்லாம் ஹூயிஸ்னு தேடுனா யாரு பேருல இருக்கு, போன் நம்பர் என்னன்னு வந்துரும். 2018ல ஐரோப்பாக்காரங்க சட்டம் வந்த பொறவு பேரைத் துண்டு போட்டு மூடிட்டாங்க, சந்தையில துண்டுக்கடியில விரலைப் புடிக்க மாதிரி. டாட் காமுக்கு இப்ப ஆர்டிஏபின்னு வேற வழி. பேரு தெரியாட்டாலும் என்னைக்குப் பதிஞ்சது, கடைசியா என்னைக்குக் கை வச்சது, பேரைப் பதிஞ்சு குடுத்த ரெஜிஸ்ட்ரார் கம்பெனி எது, என்னைக்கு முடியுதுன்னு தெரியும். பெர்ல் டாட் காம் 1994ல பதிஞ்ச பேரு. 2020 செப்டம்பர்ல கணக்கை உடைச்சவன் டிசம்பர்ல ஒரு ரெஜிஸ்ட்ராருக்கு மாத்தி, 2021 ஜனவரியில இன்னொண்ணுக்கு மாத்தி, 1,90,000 டாலர்னு விலைக்குப் போட்டான். இருபத்தஞ்சு வருசம் ஒரே தொழுவத்துல நின்ன மாடு ரெண்டு மாசத்துல ரெண்டு தொழுவம் மாறுனா, பல்லைப் புடிச்சுப் பாக்க வேண்டாமா? நல்லவேளை, பேருக்காரங்க கையிலயே திரும்பிட்டு.

வேபேக் மெஷின்ல பழைய பக்கம் கிடைக்கும். முன்ன அந்தப் பேருல யாரு கடை நடத்துனாங்கன்னு பாத்து, அங்கன ஒரு நம்பர் கிடந்தா நீரே போன் அடிச்சுக் கேளும். “ஐயா, உங்க பேரை வித்துட்டீங்களா?” ஒரு நிமிசப் பேச்சு. வெக்கப்பட்டா எண்பதாயிரம் போயிரும்.

என்னது, ஆயுசுக்கும் உமக்கேன்னு சொன்னாரா? சொல்லியிருப்பாரு. டாட் காமைப் பத்து வருசத்துக்கு மேல ஒரே தரமாக் கட்டவே முடியாது. இது குத்தகை மாதிரிதான், பட்டா இல்ல.

துட்டை நேரா ஜிபேல போட்டுராதியும். எஸ்க்ரோன்னு உண்டும். பணம் நடுவுல ஒருத்தன் கையில நிக்கும், பேரு உம்ம கணக்குக்கு வந்து நீரு சரின்னு சொன்னாத்தான் அவனுக்குப் போவும். ஆனா அவரே ஒரு எஸ்க்ரோ லிங்க் அனுப்புனா அதைத் தொடாதியும். அது அவரு மச்சான் நடத்துததா இருக்கும். நீராத் தேடிப் போயி எடுக்கணும்.

இந்தா, போன் அடிக்கு. அவருதானா? “வேற பார்ட்டி ரெடியா இருக்கு, இன்னைக்கே முடிக்கணும்”னு சொல்லப் போறாரு, பாரும். ஸ்பீக்கர்ல போடும். நான் வாயத் தொறக்க மாட்டேன். நீரு மெல்ல அந்த எருமையக் கேளும்.