பேசியவர் பெயர்

கரும்பலகையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு கிழித்து, அதற்குத் தலைப்பாக ‘பேசியவர்’ என்று எழுத வேண்டும். வகுப்பு லீடராக எனக்கு வாய்த்த முதல் வேலை அது. சார் வர ஐந்து நிமிடம் தாமதமானாலும் சாக்பீஸ் என் கைக்கு வந்துவிடும். ஒரு தடவை பேசினால் பெயர். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்று பெருக்கல் விழுந்தவனுக்குப் புறங்கையில் அடி.

1984ஆம் ஆண்டு, டெல்டா பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் சார் உள்ளே வந்தார், முன் பெஞ்சைப் பார்த்தார், “நீ எந்திரிடா, நீதான் லீடர்” என்றார். எங்கள் ஊரில் தலைமை அப்படித்தான் பிறந்தது. என் அப்பாவை ஊரில் நாலு பேருக்குத் தெரியும், எங்கள் வீடு பெரிய தெருவில் இருந்தது என்பதெல்லாம் காரணமாக இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

காலனியிலிருந்து வந்த ஒருவன் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து முடிக்கும் வரை அவனை லீடராகப் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாடப்புத்தகத்தைத் திறந்ததும் தீண்டாமை குற்றம் என்று அச்சடித்திருக்கும். அதைத் தாண்டித்தான் முதல் பாடத்துக்குப் போவோம். ஒருநாள் அவன் பக்கத்துப் பையனிடம் ஒரு கணக்கில் சந்தேகம் கேட்டான். நான் பெயரை எழுதினேன். இரண்டாவது தடவை கேட்டான், பெருக்கல் போட்டேன். மூன்றாம் தடவையும் நான்காம் தடவையும் போட்டேன். அடி வாங்கிய பிறகு அவன் வகுப்பில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, சாரிடம்கூட. அந்த மூன்று பெருக்கல் குறிகளை என் கை இன்னும் மறக்கவில்லை.

அந்த டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தபோது, மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து நடந்த தேர்தல் அது. எங்கள் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. அரையாண்டு விடுமுறை முடிந்து போனால், சுவரில் சாவடி எண் நீலத்தில் எழுதியிருந்தது. என் பெஞ்சின் ஓரத்தில், பெட்டிக்கு முத்திரை வைத்தபோது சிந்திய அரக்கு, சிவப்பாக ஒரு துளி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. எங்கள் பெரியவர்கள் எல்லோரும் இங்கேதான் வரிசையில் நின்று, தங்களுக்கு யார் வேண்டும் என்று முத்திரை குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய தெருவுக்கும் காலனிக்கும் அன்று ஒரே வரிசை. பள்ளி திறந்ததும் அதே அறையில் நான் மறுபடி கோடு கிழித்தேன்.

வாக்குரிமை வயதை 21லிருந்து 18ஆக்கிய 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் எனக்கு வயது பத்தொன்பது. முதல் வாக்கைப் போட்டது அதே ஒன்பதாம் வகுப்பு அறையில். பெஞ்சு மாறியிருந்தது.

அதன் பிறகு இந்தப் பள்ளிக்குள் நான் திரும்பவும், இந்த முறை குழு உறுப்பினனாக, நுழைய முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. பள்ளிக்கு ஒரு மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சொன்னதும் அதே சட்டம்தான். தமிழ்நாட்டில் 2024இல் இந்தக் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படி வந்தேன். எங்கள் குழுவின் தலைவர், பெற்றோரில் ஒரு பெண். நடவு வேலைக்குப் போகிற ஒரு தாய். பெயரை நிறுத்தி நிறுத்தி எழுதுவார், ஆனால் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

குழுவில் சேர்ந்த பிறகு, பள்ளியில் மாணவத் தலைவர் தேர்தலை நேரில் பார்த்தேன். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளுக்கு வந்த ‘மகிழ் முற்றம்’ ஏற்பாடு. செருப்புக்கடை அட்டைப்பெட்டிதான் வாக்குப்பெட்டி. மேல்மூடியில் ஒரு கீறல். விரலில் வைக்க மார்க்கர் பேனா. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சீட்டை மடித்து, திரும்பிப் பார்த்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு போட்டான். அந்தத் திரும்பிப் பார்த்தலைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிகளை விட்டுச் சாதி இன்னும் போகவில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் வீட்டுக்குள் புகுந்து வெட்டியது அவனோடு படித்த மாணவர்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவைக் கொண்டு அரசு அமைத்த ஒருநபர் குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகள் பள்ளிக்குள் கூடாது என்று பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்ப்பதற்கு உத்தரவு போதும். எந்தத் தெருப் பிள்ளையானாலும் இவள் எங்கள் லீடர் என்று சொல்ல, இப்படி ஒரு பெட்டி முன்னால் நின்று பழகியிருக்க வேண்டும்.

ஜெயித்தது பத்தாம் வகுப்புப் பெண். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்தாள். மூன்று விஷயம். பெண்கள் கழிப்பறையில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டி கழுவி எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. பள்ளி விடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே டவுன் பஸ் போய்விடுகிறது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஆறு மணி வரை காத்திருக்கிறார்கள்.

“சரி பாப்பா, பாத்துக்கலாம்” என்றார் உறுப்பினர் ஒருவர். நல்ல மனுஷர்தான். நானும் தலையாட்டினேன். அவள் உட்காரவில்லை.

“சார், இத தீர்மான நோட்டுல எழுதுவீங்களா?”

யாரும் பேசவில்லை. தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். “எழுதுங்க டீச்சர். அந்தப் புள்ள பேரையும் போட்டு எழுதுங்க.”

தலைமையாசிரியர் பதிவேட்டைத் திறந்தார். மாணவத் தலைவர் கேட்டது என்று பெயரோடு மூன்று வரி. கையெழுத்துப் போட என் முறை வந்தபோது பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். இதே பள்ளியில் பேசியவர் பெயரை எழுதியவன் நான்.

வாக்குப்பெட்டியோடு நிறுத்திவிடுகிற பள்ளிகளும் இருக்கின்றன. பதவியேற்பு, பட்டை குத்துதல், புகைப்படம், அத்தோடு சரி. ஜெயித்த பிள்ளை வருடம் முழுக்கப் பிரேயரில் வரிசை சரிபார்த்துக்கொண்டு நிற்கும். அதுவும் பழைய லீடர்தான், வாக்குச் சீட்டு மட்டும் புதுசு. பிள்ளை கேட்டதற்குப் பெரியவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால்தான் நாம் அந்தத் தேர்தலை மதிக்கிறோம் என்று அர்த்தம்.

தாழ்ப்பாள் அந்த வாரமே மாட்டியாயிற்று. தொட்டியைக் கழுவித் தேதியைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். பஸ் நேரம் மாறவில்லை. மூன்று மனு போயிருக்கிறது, நாலாவதை எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலும் இந்தக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுப் போங்கள். மாணவத் தலைவரை உள்ளே கூப்பிடச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை பேசியதைப் பெயரோடு பதிவேட்டில் ஏற்றிவிட்டு எழுந்து வாருங்கள்.