மூக்கால் குடிப்பவர்

குமுளியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ கல்யாண வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பேர் கூடியிருக்கிறார்கள். ஒன்பது பேர் இரண்டாவது ரவுண்டுக்குப் போன பிறகும் ஒருவர் மட்டும் கிளாஸை மூக்குக்குக் கீழே பிடித்தபடி கண்ணை மூடியிருந்தால், தூங்குகிறார் என்று எழுப்பிவிடாதீர்கள். அவர் விஸ்கி படிக்கிறார்.

போன வருஷம் வரை அவரும் நம்மில் ஒருவர்தான். கிடைத்ததில் சோடாவை ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, ஊர்வம்பு பேசி எழுந்து போவார். துபாயிலிருந்து வந்த மச்சினன் ஒரு சிங்கிள் மால்ட் கொடுத்தான். அதோடு போச்சு.

எங்கள் குமுளி அண்ணன் இந்த ஜாதியில் முதல் ரகம். கேரள அரசு மதுக்கடையான பெவ்கோவின் வரிசையில் நின்று, கவுண்டரை எட்டியதும் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கு வயசு எத்தரை?" என்று கேட்டார். கேரளத்தில் குடிக்கச் சட்டப்படி 23 வயது ஆக வேண்டும். கவுண்டர்க்காரர் இவருடைய நரைத்த மீசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இருபத்திமூணு ஆயால் மதி, சேட்டா" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை, மணி ஒன்பதாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாடம் தொடங்கும். வாய் குறுகிய கிளாஸில் ஒரு விரல் அளவுக்கு ஊற்றி, பேத்தியின் சொட்டு மருந்துக் குழாயால் மூன்று சொட்டுத் தண்ணீர் விடுவார். தண்ணீர் பட்டால்தான் வாசம் விரியுமாம். அது நிஜம்தான். ஆனால் அதற்குள் எதிரே இருப்பவனுக்குத் தொண்டை வறண்டுவிடும். ஸ்காட்ச் என்றால் குறைந்தது 3 வருஷம் ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பார். நம் நாட்டில் விஸ்கி என்று மலிவாக விற்பதில் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகில் காய்ச்சிய சாராயம்தான், ஐரோப்பாவில் அதை விஸ்கி என்றே விற்க முடியாது என்பார்.

"அப்ப இருபது வருஷமா நாங்க குடிச்சது என்னண்ணே?" என்றான் கம்பத்திலிருந்து வந்த தம்பி, அழாத குறையாக.

பெங்களூர் அம்ருத் விஸ்கி 2004-இல் கிளாஸ்கோவிலேயே போய்க் கடை விரித்த கதையைச் சொல்லித்தான் அவனைத் தேற்றினார். கூடவே கணக்கும் வந்தது. பீப்பாயிலிருந்து ஆவியாகப் போவது தேவதைகளின் பங்கு. ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம், பெங்களூரில் 10 சதவீதத்தை ஒட்டி. "நம்ம ஊரு தேவதைக அல்லவா" என்றான் தம்பி.

அண்ணன் உண்மையிலேயே திணறியது புகை மால்ட்டில்தான். ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் கரிமண் மூட்டம் போட்டுப் பார்லியை உலர்த்துவார்கள். அந்தப் புகை கடைசிவரை விஸ்கியில் நிற்கும். தம்பி முகர்ந்துவிட்டு, "ஆஸ்பத்திரி டிஞ்சர் நாத்தம்ணே" என்றான். "அதான்! அதுக்குத்தான்டா காசு!" என்று அண்ணன் துள்ளினார். துள்ளியவர் அப்படியே யோசனையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் உண்டு. விறகுச் சூட்டில் காய் உலரும்போது துளிப் புகை உள்ளே புகுந்தாலும் புற்றடி ஏலத்தில் விலை விழும். அந்தத் தீவிலோ புகை ஏறினால் விலையும் ஏறுகிறது. வியாபாரிக்கு இதைவிட மனக்கஷ்டம் உண்டா?

அவர் மூக்கை நான் குறை சொல்ல மாட்டேன். சாம்பிள் காய் நாலை உள்ளங்கையில் கசக்கினால் போதும். புதுசா பழசா, சூடு கூடிப்போனதா என்று சொல்லிவிடுவார். ஆனால் விஸ்கி கிளாஸுக்குள் அவருக்குத் தெரிவதெல்லாம் ஹெதர் பூவும் கடற்பாசியும் ஆரஞ்சுத்தோல் ஜாமும்தான். ஹெதர் செடியை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. "ஏலக்கா வாசம் வருதேண்ணே" என்று தம்பி சொன்னபோது, "மூட்டையத் தொட்ட கையோட வந்திருக்க, போய்க் கழுவிட்டு வா" என்று விரட்டினார்.

வீட்டு அண்ணிக்கு மட்டும் இந்தப் படிப்பில் குறையே இல்லை. முன்பு ஒரு வாரம் தாங்காத பாட்டில், இப்போது தீபாவளிக்குத் திறந்தது பொங்கலுக்கும் பாதி நிற்கிறது. முகர்வதில் நேரம் போய்விடுவதால் குடிக்க வாய்ப்பதில்லை.

ஆகவே உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவரைத் தாராளமாகக் கூப்பிடுங்கள், செலவு வைக்க மாட்டார். மற்றவர்களுக்கு மட்டும் முன்னாடியே சாப்பாட்டைப் போட்டுவிடுங்கள்.