லேது, காது, வத்து: திருச்சானூர் மறுப்பியலுக்கு ஒரு முகவுரை

மலையேறும் முன்போ இறங்கிய பின்போ தாயாரைச் சேவிக்காமல் ஊர் திரும்பக் கூடாது என்பது மரபு. அதன்படி தமிழ் யாத்திரிகர் திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போல் தள்ளியிருக்கும் திருச்சானூருக்கு வந்து சேர்கிறார். சேர்ந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் சேவிப்பது என்று பக்தி நூல்கள் நினைக்கின்றன. களஆய்வு வேறு சொல்கிறது. அவர் முதலில் செய்வது மறுப்பது. தாமரைப்பூ வேண்டாம், மஞ்சள் குங்குமம் வேண்டாம், மரப்பாச்சி வேண்டாம், ரூம் வேண்டாம், நெற்றியில் நாமம் வேண்டாம். பத்ம சரோவரத்தில் காலை நனைப்பதற்குள் ஒரு மனிதர் இத்தனை மறுத்தாக வேண்டியிருக்க, இம்மறுப்புகளின் இலக்கணத்தை இதுவரை எவரும் வகுத்து வைக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் 1954 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருந்தும் இந்த நிலை.

சிக்கலின் வேர் இதுதான். தெலுங்கில் 'இல்லை' மூன்று. ஒரு பொருள் இருப்பில் இல்லாவிட்டால் லேது. ஒன்று நீங்கள் நினைத்ததாக இல்லாவிட்டால் காது. இருக்கிறது, நினைத்ததும் அதுவேதான், ஆனால் எனக்குத் தேவையில்லை என்றால் வத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அதற்கென்றே ஓர் 'ஆமாம்' நிற்கிறது: உந்தி, அவுனு, காவாலி. இந்த ஜோடிகளைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் பாவம்.

தமிழர் கையில், அதாவது வாயில், இருப்பது இரண்டே. இல்லை, வேண்டாம். 'இல்லை'க்குத் தெலுங்கில் 'லேது' என்பதை அவர் ஏதோ ஒரு டப்பிங் படத்திலிருந்து கற்றிருப்பார். அந்த ஒற்றை நோட்டை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் செலவு செய்யப் பார்ப்பார்.

"அன்னா, தாமர பூலு காவாலா?"

"லேது, லேது."

பூக்காரம்மாள் தன் கூடையை ஒருமுறை குனிந்து பார்க்கிறார். "உன்னாயி கதா!" என்கிறார். இருக்கிறதே என்று அர்த்தம். பூ வேண்டுமா என்று அவர் கேட்டார். உன்னிடம் பூவே கிடையாது என்று பதில் வந்தது. கூடையில் தாமரை நிரம்பி வழிகிறது. இதைவிடப் பெரிய அவமதிப்பை ஒரு வியாபாரிக்குச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

தமிழிலேயே இவ்விடத்தில் 'வேண்டாம்' என்றுதானே சொல்வோம், பின் ஏன் 'லேது' வருகிறது என்று கூர்ந்த வாசகர் கேட்பார். மயிலாப்பூர் மாடவீதியிலோ மதுரை சித்திரை வீதியிலோ பூ வேணுமா என்று கேட்டவரிடம் நாம் சொல்வதைக் கவனித்துப் பார்க்கவும். "இல்லம்மா, வேண்டாம்." முதலில் ஓர் இல்லை, மரியாதைக்கு. பிறகு வேண்டாம், விஷயத்துக்கு. தெலுங்கில் பேசும்போது மரியாதை மட்டும் மொழிபெயர்ந்து விஷயம் தொண்டையில் நின்றுவிடுகிறது.

'வத்து' என்று இங்கே எழுதியிருப்பதை அப்படியே உச்சரித்துவிட வேண்டாம். தமிழில் தகரம் இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். தெலுங்கில் அது மென்மையான இரட்டை. 'வந்து' என்று சொல்லத் தொடங்கி நகரத்தை விழுங்கிவிட்டால் கிட்டத்தட்டச் சரியாக வரும். இந்த உச்சரிப்புக் குறிப்புக்குப் பின்னால் ஒரு விபரீதம் காத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இப்போது காது. இந்த ஆய்வின் இதயமே காதுதான்.

ஷேர் ஆட்டோ நிற்கிறது. நமது யாத்திரிகர், மதுரைப் பக்கத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம், "இது ஸ்டேஷன் போற ஆட்டோவா?" என்று கேட்கிறார். ஓட்டுநர் "காது" என்கிறார். இது அது அல்ல என்று பொருள். யாத்திரிகருக்குக் காதில் விழுவது காது. ஒலியில் ஒரு மாத்திரை வேறுபாடுகூடக் கிடையாது. பாவம், இவருக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்று இரங்கி, அதே கேள்வியை உரத்த குரலில் கேட்கிறார். ஓட்டுநரும் உரத்த குரலில் "காது!" என்கிறார். இவர் கையால் ரயில் ஓடுவதுபோல் செய்து காட்டுகிறார். அவர் தலையை இடவலமாக ஆட்டிக் "காது சாமி, காது" என்கிறார். இருவரும் ஒருவரையொருவர் செவிடர் என்று முழு மனத்தோடு நம்பும் இந்த நிலையை இனி 'இருசெவிட்டு நிலை' என்று அழைப்போம்.

இது முற்றினால் என்ன ஆகும்? ஆட்டோ கிடைத்து, இறங்கியதும், பக்கத்து ஆட்டோக்காரருக்கு உரிய காசை இவரிடம் நீட்டிவிட்டால் அவர் "நாக்கு காது, ஆயனக்கி" என்பார். எனக்கு அல்ல, அவருக்கு. தமிழ்க் காதுக்கு முதலில் நாக்கு, அப்புறம் காது. இதோடு 'இருக்கிறது' என்பதற்குரிய 'உந்தி'யையும் சேர்த்துக்கொண்டால், நம் இலக்கியங்களில் தொப்புளுக்குப் பெயர் அது. ஆக தெலுங்கில் நடக்கும் இருப்பு, மறுப்பு, உரிமை எல்லாமே தமிழனின் உடம்பில் வெவ்வேறு உறுப்புகளில் வலிக்கின்றன. மருத்துவம் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு கோட்பாட்டை முன்வைக்கலாம். தெலுங்கில் காதுக்குச் சொல் செவி. நம் செவிதான், நாம் அதைச் சொற்பொழிவுக்கும் செய்யுளுக்கும் ஒதுக்கிவிட்டு அன்றாடத்துக்குக் காதை வைத்துக்கொண்டோம். அவர்கள் செவியைத் தக்கவைத்துக்கொண்டதால் 'காது' என்ற ஒலி அங்கே காலியாகக் கிடந்தது; அதை மறுப்புக்குக் குடிவைத்தார்கள். நாம் காதை உறுப்புக்குக் கொடுத்துவிட்டதால் மறுக்க ஒரு சொல் குறைந்து தவிக்கிறோம். இக்கோட்பாடு அழகானது, எளிமையானது, முற்றிலும் பொய். தெலுங்குக் காதுவுக்கு உண்மையான உறவு நம் 'ஆகாது'. தெலுங்கு பழங்காலத்தில் சொல்லின் தலையிலிருந்த உயிரைத் தள்ளிவைத்துவிட்டு மெய்யை முன்னால் நிறுத்தும் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. நமது அவன் அங்கே வாடு. இவன், வீடு. இரண்டு, ரெண்டு, இதை நாமும் பேச்சில் செய்கிறோம், ஆகவே சிரிக்க வேண்டாம். 'இல்' என்ற மறுப்பு வேரும் அப்படித்தான் தலைகீழாகி 'லே' ஆயிற்று. 1816-லேயே எல்லிஸ் துரை தெலுங்கும் தமிழும் ஒரே குடும்பம் என்று எழுதினார். 1856-ல் கால்டுவெல் அதை ஒப்பிலக்கணமாக விரித்தார். ஒரே குடும்பம் என்பதை நிறுவிய இருவரும், ஒரே குடும்பத்தில்தான் சண்டை அதிகம் என்பதைச் சொல்லாமல் விட்டார்கள்.

நமக்கு மட்டும் ஏன் மூன்றில் ஒன்று தொலைந்தது? தொலைந்தது என்பதே சரி, பிறவியில் குறையில்லை. பழந்தமிழில் 'இல்' வேறு, 'அல்' வேறு. அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என்று ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைத்த மறுப்பு இருந்தது. இன்மைக்கும் அப்படியே: இலன், இலள், இலர், இன்று, இல. தெலுங்கு இந்தத் தையலை இன்னும் விடவில்லை. ரூம் ஒன்று இல்லையென்றால் லேது. பல இல்லையென்றால் லேவு. ஆட்கள் இல்லையென்றால் லேரு. பண்டிகை நாளில் விடுதி வாசலில் நின்றால் மூன்றும் கேட்கும்.

நம்மிடம் நடந்தது வேறு. எழுத்துத் தமிழில் 'அல்ல' முதலில் தன் உடன்பிறப்புகள் அனைவரையும் விழுங்கியது. 'அது அல்ல' என்று எழுதுகிறோம். பழைய தமிழாசிரியர் இருந்தால் பிரம்பை எடுப்பார், அது அன்று என்று. அப்படிக் கொழுத்த அல்லவைப் பேச்சுத் தமிழில் 'இல்லை' விழுங்கியது. இல்லைக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? நன்னூல் கொடுத்தது. வேறு, இல்லை, உண்டு என்ற மூன்றும் ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்று பவணந்தியார் விதி செய்துவிட்டார். பொதுச் சொத்து என்று எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது நம் ஊர்ப் புறம்போக்கு நிலங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு பக்கவிளைவு. பழைய இலக்கணப்படி 'இன்று' என்றால் இல்லை, 'அன்று' என்றால் அல்ல. இரண்டுக்கும் நாள் என்ற பொருளும் உண்டு. ஆகவே பெட்டிக்கடையில் தொங்கும் 'கடன் இன்று, ரொக்கம் நாளை' என்ற தலைகீழ்ப் பலகையைச் சங்கப்புலவர் ஒருவர் படித்தால், கடன் கிடையாது என்று சரியாகவே புரிந்துகொண்டு போய்விடுவார். நாம்தான் கடன் கேட்டு உள்ளே நுழைவோம்.

கன்னடக்காரரைப் பாருங்கள். இல்ல, அல்ல, பேட என்று மூன்றையும் பெட்டியில் மடித்து எடுத்துவருகிறார். மலையாளியும் இல்ல, அல்ல, வேண்ட என்று வைத்திருக்கிறார். இருவருக்கும் திருச்சானூரில் சொல்லை மாற்றினால் போதும். சிந்தனையை மாற்ற வேண்டியதில்லை. தமிழர் மட்டும் இரண்டை வைத்துக்கொண்டு மூன்று வாசலில் நிற்கிறார். உலகத்தில் நாம் தனியாள் அல்ல என்று ஆறுதலும் சொல்வதற்கில்லை. ருஷ்யர்கள் இன்மைக்கு 'நியெத்' என்றும் மறுப்புக்கு 'நே' என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். அது போதாதென்று, இல்லாத பொருளின் பெயரையே வேற்றுமை மாற்றிவிடுகிறார்கள். புத்தகம் இருந்தால் எழுவாய். இல்லாவிட்டால் ஆறாம் வேற்றுமை. முன்னேற்றப் பதிப்பகத்துக்காக மாஸ்கோவில் உட்கார்ந்து மொழிபெயர்த்த தமிழர்கள் இந்த இல்லாத புத்தகங்களோடு எத்தனை குளிர்காலம் போராடினார்களோ. அவர்களுக்குத் திருச்சானூர் ஆட்டோ நிறுத்தம் அல்வா மாதிரி இருந்திருக்கும்.

ஆட்சி மாற்றங்கள் ஏதாவது உதவியிருக்கலாம், உதவவில்லை. திருப்பதி வட்டாரம் 1911 வரை வட ஆர்க்காட்டோடு இருந்தது. பிறகு சித்தூர் மாவட்டம். 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. ம.பொ.சி. முதலியோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, வேங்கடம் அங்கேயே நின்றது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டம். திருச்சானூர் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் நகராமல் இத்தனை முகவரி மாறியிருக்கிறது. தாயாரோ இரண்டு தரப்பிலும் கையெழுத்துப் போட்டவள். அலர்மேல் மங்கை என்ற தமிழ்ப் பெயர்தான் தெலுங்கு வாயில் அலமேலு மங்கா. அந்தப் பெயரை வைத்து அன்னமாச்சாரியார் பாடிய தெலுங்கைத் தமிழ் வீடுகளில் இன்றும் பாடுகிறார்கள். இவ்வளவு ஒற்றுமை இருக்கும் இடத்தில் ஒரு சிறிய 'காது' இடறுகிறது.

முன்பு சொன்ன விபரீதத்துக்கு வருவோம். தமிழர் ஒரு கருத்தை ஏற்றுக்கொள்ளும்போதும் 'இல்ல' என்றே வாயைத் திறக்கிறார். "இல்ல, நீங்க சொல்றது சரிதான்." இலக்கணம் இதற்குப் பெயர் வைக்கவில்லை, 'தொடக்க இல்லை' எனலாம். இதன் தோழன் 'வந்து'. "இல்ல, வந்து, ரூம் எவ்வளவுன்னு கேக்கலாம்னு..." என்று ஒருவர் இழுக்கிறார். அறை காட்டக் கூடவே வந்த ஆள் ஓரளவு தமிழ் தெரிந்தவர். இல்லவும் புரிகிறது, வந்து அவர் காதில் வத்து என்றும் விழுகிறது. இரட்டை மறுப்பு. அவர் அடுத்த குடும்பத்தைத் தேடிப் போய்விடுகிறார். அறை வேண்டியவர் இன்னும் வாக்கியத்தின் எழுவாய்க்கே வரவில்லை.

இன்னொரு நுணுக்கம், பர்லேது. உள்ளே லேது இருக்கிறது. ஆனால் பொருள் சம்மதம். நம் பரவாயில்லைக்குள் இல்லை இருப்பதுபோல. பர்வா பாரசீகத்திலிருந்து வந்த கவலை. கவலை இல்லை என்பதால் சம்மதம். சில்லறை இல்லை என்று நாம் கையைப் பிசைய, எதிரில் "பர்லேது" என்று வந்தால் அது மறுப்பல்ல. ஆனால் நயமான விலையா என்று கேட்டு, அதற்கும் பர்லேது என்று வந்தால் கொஞ்சம் யோசிக்கவும். அவ்விடத்தில் அது 'ஏதோ சுமார்' என்ற பொருளில் வருகிறது. தமிழில் மாப்பிள்ளை எப்படி என்ற கேள்விக்குப் பரவாயில்லை என்று பதில் வந்தால் பெண்வீட்டார் முகம் போகும் போக்கை நினைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆய்வு முழுவதற்கும் ஓர் ஆட்சேபம் உண்டு, அது வலுவானது. அந்தத் தெருவில் பூ விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வளையல் அடுக்குபவர் பலருக்கும் தமிழ் வரும். தேவஸ்தானத்துப் பலகைகளிலும் தமிழ் உண்டு. தாமரைக்காரம்மாளே, யாத்திரிகர் மூன்றாவது லேது சொன்னதும், "வேணாம்னா வேணாம்னு சொல்லுண்ணா, ஏன் இல்லைங்கிற?" என்று வேலூர்த் தமிழில் கேட்டுவிடுகிறார். அப்படியானால் எல்லை தாண்டியவுடன் நம்மவர் ஏன் தெலுங்கை எடுக்கிறார்? விருந்தாளி மரியாதை என்று ஒரு கட்சி. பேரம் படியும் என்று இன்னொரு கட்சி. எனக்குத் தோன்றுவது, தெலுங்கு தனக்குப் பாதி தெரியும் என்று ஒவ்வொரு தமிழருக்கும் உள்ளூர ஒரு நம்பிக்கை. இந்தியிலோ வங்காளத்திலோ அவர் இந்தத் துணிச்சலுக்குப் போகமாட்டார். அங்கே பேசாமல் கையைக் காட்டுவார், வேலை முடியும்.

ஆகவே நடைமுறைப் பரிந்துரை ஒன்றுதான். எதையும் மறுக்குமுன் "நாக்குத் தெலுகு ராது" என்று சொல்லிவிடலாம். எனக்குத் தெலுங்கு வராது என்பதன் தெலுங்கு இது. அமைப்பு அச்சாக நம்முடையதே என்பதால் நாக்கு புரளும். ஒரே எச்சரிக்கை: தெலுங்கு வராது என்பதை இவ்வளவு சுத்தமான தெலுங்கில் சொல்லும் ஆளுக்குத் தெலுங்கு வரும் என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார். உடனே சொந்த ஊர், பிள்ளைகள், மலையில் கூட்டம், மழை என்று முழுத்தெலுங்கில் விசாரணை தொடங்கும். அந்த வெள்ளத்தில் யாத்திரிகருக்கு நேரும் எதற்கும் இக்கட்டுரை பொறுப்பாகாது.