வயிறு உப்பிய டேப்லெட்

பாரிஸ்
9 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

"டேப்லெட்டைத் தூக்கிப் போட்டாச்சா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு மச்சான்" என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. ஒரே வார்த்தையில் முடிக்க இது ஸ்ரீபெரும்புதூர் இல்லை. இந்த ஊரில் ஒரு பழைய சாமானைத் தூக்கிப் போட வேண்டுமானால் சட்டத்தையும் கேட்க வேண்டும், மனசாட்சியையும் கேட்க வேண்டும், ஆபீஸ் கேன்டீனையும் கேட்க வேண்டும். அதனால்தான் கடிதம். அக்கா சத்தமாகப் படிக்கச் சொல்லுவாள். விலை வரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் இருமிக்கொள்ளுங்கள்.

டேப்லெட் எதுவென்று ஞாபகம் இருக்கும். ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் நீங்கள் பேரம் பேசி, கவரை இலவசமாகப் பிடுங்கித் தந்தீர்களே, அதேதான். இப்போது அதற்கு வயிறு உப்பிவிட்டது. திரை ஒரு ஓரத்தில் மேலே எழும்பி நிற்கிறது. நாற்பது சதவீதம் சார்ஜ் என்று காட்டிக்கொண்டே அணைந்துபோகும். அப்டேட் நின்று பல வருஷம் ஆகிறது. பேங்க் ஆப் என்னை உள்ளே விடுவதில்லை. "சார்ஜ் போடாதே, தலைமாட்டில் வைக்காதே, அழுத்திப் பார்க்காதே" என்று நீங்கள் சொன்ன மூன்றையும் கடைப்பிடித்தேன். மூன்றாவது மட்டும் கஷ்டமாக இருந்தது.

இதைக் கேன்டீனில் சொன்னதுதான் தாமதம். இங்கே மதியச் சாப்பாடு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பேச விஷயம் வேண்டும். "புதிதாக வாங்கிவிடு" என்று ஒருவர் சொல்ல, மற்ற ஐந்து பேரும் அவர் மேல் பாய்ந்தார்கள். அப்போதுதான் இந்த நாட்டில் பழைய சாமான்களுக்கு எத்தனை பாதுகாவலர்கள் என்று தெரிந்தது. ஒரு பொருள் சீக்கிரம் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே செய்வது 2015 முதல் பிரான்ஸில் குற்றம். இரண்டு வருஷம் ஜெயில், மூன்று லட்சம் யூரோ அபராதம். பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைக்கக்கூடிய அப்டேட்டைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் சொல்லாமல் விட்டதற்காக ஆப்பிள் கம்பெனி 2020-இல் 2.5 கோடி யூரோ கட்டியது. 2021 ஜனவரியிலிருந்து கடையில் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே, இதை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் பண்ணலாம் என்று பத்துக்கு மார்க் போட்டு ஒட்டினார்கள். முதலில் மார்க் போட்டது ஐந்து சாமான்களுக்கு: போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின், புல் வெட்டும் மெஷின். டேப்லெட் அந்தப் பட்டியலில் இல்லை. நம்ம ஊர் பென்னலூரில் ஆடு சம்பளமில்லாமல் செய்கிற வேலைக்கு மெஷின், அதற்கு மார்க் வேறு!

டேப்லெட்டுக்கு விமோசனம் இந்த வருஷம்தான் வந்தது. ஜூன் 20 முதல் ஐரோப்பா முழுவதும் புது விதி. புதிதாகச் சந்தைக்கு வரும் போனும் டேப்லெட்டும் 800 தடவை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரி பழைய சக்தியில் 80 சதவீதமாவது தாங்க வேண்டும். அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் முக்கியமான உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், ஐந்து வருஷமாவது சாஃப்ட்வேர் அப்டேட் வர வேண்டும். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நம்ம டேப்லெட் இந்தச் சட்டத்துக்கெல்லாம் முன்னால் பிறந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நீங்கள் கேட்டால் சிரிக்கிற விஷயம் இனிமேல்தான். 2027 பிப்ரவரியிலிருந்து, சில விலக்குகள் போக, கையடக்கச் சாமான்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று இன்னொரு ஐரோப்பியச் சட்டம் வருகிறது. 2006-இல் நம்ம சிப்காட்டில் நோக்கியா ஆலை திறந்தபோது லைனில் நின்று நீங்கள் செய்து அனுப்பிய போன்களில், பின்மூடியை நகத்தால் தள்ளினால் பேட்டரி கையில் விழுமே, அதைத்தான் சொல்கிறார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. நீங்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சர்வீஸ் கடை போட்டீர்கள். அந்த மூடியைத் திரும்பக் கொண்டுவர 27 நாடுகள் உட்கார்ந்து பேசிச் சட்டம் போட வேண்டியிருக்கிறது. உங்களைக் கூப்பிட்டிருந்தால் ஒரு டீ நேரத்தில் சொல்லியிருப்பீர்கள்.

சரி, ரிப்பேருக்குப் போன கதை. 2022 டிசம்பரிலிருந்து இங்கே ரிப்பேருக்கு மானியம் உண்டு. உற்பத்தியாளர்களிடம் வசூலித்த நிதியிலிருந்து பில்லிலேயே கழித்துவிடுவார்கள், ஆனால் முத்திரை வாங்கிய கடையாக இருக்க வேண்டும். அப்படி ஒரு கடையில் அப்பாயின்ட்மென்ட் கேட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தது. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டை போட்ட ஒரு பையன், டேப்லெட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, முத்திரை குத்திய மதிப்பீட்டுத் தாள் ஒன்று கொடுத்தான். மானியம் போக 140 யூரோ. அடியில் சின்ன எழுத்தில், திறக்கும்போது திரை உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல. இதே அளவில் புதுசு 380 யூரோ. (மாமா, இருமவும்.)

நன்றி சொல்லிவிட்டு மெட்ரோ பிடித்து லா ஷப்பல் போனேன். அங்கே இறங்கினால் முருங்கைக்காய், வாழை இலை, நகைக்கடை, சிடி கடை, பக்கத்துத் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில். விசாவில்லாமல் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒரு கடையின் பின்பக்கம், சிம் கார்டுகளுக்கும் மிக்சர் பாக்கெட்டுகளுக்கும் நடுவில் ஒரு அண்ணன் ரிப்பேர் பார்க்கிறார். எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, பற்றறி மாத்தலாம். அறுபது யூரோ. ஆனா திரை உடைஞ்சா என்னைப் பேசக்கூடாது."

முத்திரை வாங்கிய கடை சின்ன எழுத்தில் அச்சடித்ததைத்தான் அவரும் சொன்னார், முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு முத்திரை இல்லை, அதனால் மானியமும் இல்லை. ஆனாலும் அந்தக் கடை மானியம் போகக் கேட்ட விலையில் பாதிக்கும் கீழே!

"உங்கட ஊர் எது?"

"ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூர்."

பெயரைக் கேட்டதும் அண்ணன் கை ஒரு கணம் நின்றது. அந்தப் பெயர் அவர்கள் காதில் என்னவாக விழும் என்று நமக்குத் தெரியாதா? "ராமானுஜர் பிறந்த ஊர், அண்ணா" என்றேன். "ஓமோம்" என்று சொல்லிவிட்டுத் திரையின் ஓரத்துக்குச் சூடு காட்டத் தொடங்கினார்.

முக்கால் மணி நேரம். சூடு காட்டுவார், மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் நுழைப்பார், ஒரு விரல்கடை நகர்த்துவார், மறுபடி சூடு. உள்ளே பேட்டரியும் பசையில்தான் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குத்திவிடாமல் நெம்பி எடுத்து, மணல் போட்ட டப்பாவுக்குள் வைத்தார். எங்கேயோ ஒரு லைனில் மெஷின் சில வினாடியில் இழுத்த பசைக் கோடு அது. நான் கார் கம்பெனி ஆள்; பசைமேல் எனக்குக் கோபம் கிடையாது. காரின் முன் கண்ணாடியும் பசையில்தான் நிற்கிறது. ஆனால் அதைக் கம்பி விட்டு அறுத்து எடுக்கவும், புதுக் கண்ணாடியை ஒட்டவும் ஒரு முறை இருக்கிறது. கல் பட்டு உடையும் என்று முதல் நாளே யோசித்திருக்கிறார்கள். பேட்டரி கிழடாகும் என்பது கல் படுவதைவிட நிச்சயம். அதை யோசிக்க மட்டும் டேப்லெட் செய்தவர்களுக்கு நேரமில்லை.

இப்போது உங்கள் பாதி விலைக் கணக்குக்கு வருகிறேன். ரிப்பேர் செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் தொடாதே என்பீர்கள். அறுபது அதற்குள் அடங்குகிறது. ஆனால் இந்த டேப்லெட்டை இன்றைக்கு விற்றால் ஐம்பது யூரோ தேறுவதே சந்தேகம். ஐம்பது யூரோ சாமானுக்கு அறுபது யூரோ செலவு என்றால் உங்கள் கடையில் நிற்கிற யாரும் சிரிப்பார்கள். அதனால் நான் வேறு மாதிரி போட்டுப் பார்த்தேன். புதுசு 380, ஆறு வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 63 யூரோ. இது ஒரு வருஷம் ஓடினால் முதலுக்கு மோசமில்லை. இரண்டாவது வருஷம் ஓசி. தவிர, டேப்லெட்டால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே சேர்ந்துவிடுகிறது. பிரான்ஸில் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அணு உலையிலிருந்து வருவதால், சார்ஜ் போடுவதால் சேர்வது சொற்பம். இதை மட்டும் கேன்டீனில் சொன்னேன், எனக்கு ஒரு காபி இலவசம்.

அப்டேட் விஷயத்தில் அண்ணனும் கை விரித்துவிட்டார். பேட்டரியை மாற்ற ஆள் இருக்கிறது, கம்பெனி கைவிட்ட சாஃப்ட்வேருக்கு ஆள் இல்லை. ஆகவே பேங்க், மெயில் எல்லாவற்றையும் அதிலிருந்து அழித்துவிட்டேன். இனி அது இளையராஜா பாட்டுக்கும், அடுப்பங்கரையில் அக்காவின் வீடியோ காலுக்கும் மட்டும். அக்கா சாம்பார் தாளிக்கக் கற்றுத் தரும்போது திரையில் எண்ணெய் தெறித்தாலும் கவலையில்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி. சார்ஜிங் போர்ட் ஆடுகிறது. அந்தப் பாகம் அண்ணனிடம் இல்லை, வரவழைத்தால் மாதக்கணக்காகும் என்றார். மாடல் நம்பரைத் தனியாக வாட்ஸப்பில் அனுப்புகிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று அண்ணனுக்கு, அவரும் கேட்டார். என்னோடு வேலை செய்யும் பையன் டிசம்பரில் வாலாஜாபாத் வருகிறான், கொடுத்தனுப்புங்கள். பருப்புப் பொடி பொட்டலத்துக்குள் மட்டும் வைக்க வேண்டாம். போன தடவை பென் டிரைவை அப்படி அனுப்பி, ஏர்போர்ட்டில் அந்தப் பையன் பொடியைப் பற்றி இருபது நிமிஷம் பிரெஞ்சில் விளக்கம் சொன்னான்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: "எனக்கு அனுப்பிடு, உதிரிபாகத்துக்கு ஆகும்" என்று இரண்டாவது வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். கேட்டேன். அதனால்தான் முதல் மெசேஜில் அவ்வளவு அவசரமா?