மேற்கண்ட அனைத்தும்

காப்பி ஆறியிருந்தது; அது கிளப்பிய எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஏசிக் கடையில் இருநூற்றுச் சொச்சம் ரூபாயைக் கொடுத்து, பெயரையும் சொல்லி, அந்தப் பெயரை யாரோ ஒருவருடையதாக மாற்றி எழுதிய கோப்பையை வாங்கி, ஒரு வாய் குடித்ததும் முகம் சுளிக்கிற கூட்டம் நாம். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையைத் திட்டத்தான் முதலில் வாய் வரும். அது அநியாயம். அந்தப் பிள்ளை ஆன்லைனில் பாடம் பார்த்து, தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கி, சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. கப்புச்சீனோவுக்குப் பாலை 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கினால் போதும், 70ஐத் தாண்டினால் இனிப்பு போகும், நுரை கெடும் என்பது பாரிஸ்டாக்களுக்கு ஊர் ஊராகச் சொல்லித்தரப்படும் பாலபாடம். இத்தாலிக்காரருக்கு அது சரி. டபராவில் நாலு முறை ஆற்றிய பிறகும் நாக்கைச் சுட வேண்டும் என்று எதிர்பார்க்கும் நமக்கு அது குளிக்கிற வெந்நீர். ஆக, பயிற்சி தோற்றதால் காப்பி கெடவில்லை, ஜெயித்ததால் கெட்டது. என் வழக்கு இவ்வளவுதான்: திரையில் கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் பயிற்சி, எதற்கு மதிப்பெண் போட முடியுமோ அதை மட்டும்தான் கற்றுத்தரும்.  

இந்தப் பாடங்கள் பலவும் ஸ்கார்ம் என்ற தரநிலைப்படி கட்டப்பட்டவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் பிறந்த சமாச்சாரம் அது. அதன் 1.2ஆம் பதிப்பு 2001இல் வந்தது. இன்றும் ரிட்டயர் ஆகவில்லை. அதன் கணக்கில், பாடத்தின் முன் உட்கார்ந்திருக்கும் மனிதன் ஆறு நிலைகளில் ஒன்றில் இருக்கலாம்: தேறினான், முடித்தான், தோற்றான், பாதியில் நிற்கிறான், மேலோட்டமாக மேய்ந்தான், தொடவே இல்லை. ‘டிகாக்ஷன் இறங்கும் வரை பொறுக்காமல் ஃபில்டர் தலையில் தட்டினான்’ என்று ஏழாவது நிலை கிடையாது. ஆனால் காப்பித் தொழிலின் பாதித் துயரம் அந்த ஏழாவது நிலையில்தான் நடக்கிறது. மென்பொருளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, வம்சமே அப்படி. 1920களில் அமெரிக்கப் பேராசிரியர் சிட்னி பிரஸ்ஸி ஒரு கேள்வி இயந்திரம் செய்தார். சரியான பொத்தானை அழுத்தினால் மிட்டாய் விழும்படியும் அதை அமைக்க முடிந்தது. நூறு வருஷத்தில் மிட்டாயின் இடத்துக்குத் திரையில் மின்னும் பதக்கம் வந்திருக்கிறது. மிட்டாயையாவது வாயில் போட்டுக்கொள்ளலாம்.

இனி கேள்வித்தாள். ‘வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் என்ன செய்வீர்கள்? அ) புன்னகைப்பேன் ஆ) வணக்கம் சொல்வேன் இ) முகத்தைத் திருப்பிக்கொள்வேன் ஈ) அ, ஆ இரண்டும்.’ இ-யைத் தேர்ந்தெடுக்கும் ஒருவரைக் கடை ஏன் வேலைக்கு எடுத்தது என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. கேள்வி தயாரிப்பவரின் கஷ்டமும் புரிகிறது. சரியான விடை ஒன்று கையில் இருக்கிறது, தப்பான விடை மூன்று வேண்டும், மணியோ மாலை ஆறு. அதனால் தப்பான விடைகள் எல்லாம் அரக்கர்களாகிவிடுகின்றன: ‘கோப்பையைத் தூக்கி எறிவேன்’, ‘பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவேன்’. சரியான விடை மட்டும் மூன்று வரி நீளத்தில், மரியாதையாக, நல்ல குடும்பத்துப் பிள்ளை போல உட்கார்ந்திருக்கும். காப்பியே குடிக்காதவர்கூட நீளத்தைப் பார்த்துத் தேறிவிடலாம். ‘எப்போதும்’ என்று தொடங்கினால் சுத்தம் பற்றிய விடை, சரி. ‘ஒருபோதும்’ என்று தொடங்கினால் பாதுகாப்பு பற்றிய விடை, அதுவும் சரி. ‘சில நேரங்களில்’ என்று தொடங்கினால் தப்பு. காப்பிக் கடையில் நடப்பதெல்லாம் சில நேரங்களில்தான் நடக்கிறது என்பது வேறு விஷயம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, கோபுரக் கலசமாக, ‘மேற்கண்ட அனைத்தும்’. அது கண்ணில் பட்டுவிட்டால் கேள்வியைப் படிக்கவே வேண்டாம். ஸ்டோர் ரூமில் பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்து, ஒரு காதில் இயர்போன், இன்னொரு காதில் ‘ரெண்டு லாட்டே’ என்ற கூப்பாடு, இவற்றுக்கு நடுவே பாடம் முடிக்கிற பெண் வேறு என்ன செய்வாள்? வீடியோ முழுதாக ஓடி முடியும் வரை ‘அடுத்து’ பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். உயிர் வந்ததும் ஒரு தட்டு. மேற்கண்ட அனைத்தும். இன்னொரு தட்டு. மேற்கண்ட அனைத்தும். சான்றிதழ்.

கொடுமை என்னவென்றால், அந்த விடை பல நேரங்களில் உண்மையும்கூட. ‘எஸ்பிரெஸோ கசந்தால் காரணம் என்ன? அ) தூள் மிக நைசாக அரைபட்டது ஆ) தண்ணீர் சூடு அதிகம் இ) இறங்க அதிக நேரம் பிடித்தது ஈ) மேற்கண்ட அனைத்தும்.’ ஈ-க்கு முழு மதிப்பெண். ஆனால் மாலை ஐந்து மணிக்கு எட்டுப் பேர் வரிசையில் நிற்கும்போது, மூன்றில் இன்றைக்கு எது என்று தெரிந்தாக வேண்டும். ஒன்பது பார் அழுத்தம், 25 முதல் 30 விநாடி என்று எழுதி ஒட்டிவிடலாம். மழை பிடித்துக் காற்றில் ஈரம் ஏறியதும் காலையில் சரியாக இறங்கிய அதே தூள் அடம்பிடிக்கும். கிரைண்டரை ஒரு சிட்டிகை திருப்ப வேண்டும். எவ்வளவு சிட்டிகை? அதை நாக்கும் விரலும் சேர்ந்துதான் சொல்லும். சொல்லத் தெரிவதைவிட அதிகமாகவே நமக்குத் தெரிந்திருக்கிறது என்பதை வைத்து மைக்கேல் போலன்யி 1966இல் ஒரு புத்தகமே எழுதினார். பெங்களூரில் காப்பி வாரியம் நடத்தும் ‘காப்பி சாஸ்திரா’ பயிற்சியில் கொட்டையை வறுக்க வைக்கிறார்கள், கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வைக்கிறார்கள். வீட்டில் அப்படி உறிஞ்சினால் முதுகில் ஒன்று விழும். அங்கே அதுதான் பாடம்.

‘ஆயிரம் கிளை உள்ள கம்பெனி, ஆயிரம் மாஸ்டருக்கு எங்கே போகும்?’ என்று கேட்பார்கள். 2008 பிப்ரவரி 26 மாலை, ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் ஏறத்தாழ 7,100 கடைகளைச் சில மணி நேரம் பூட்டிவிட்டு, எஸ்பிரெஸோ இறக்குவதையும் பால் நுரைப்பதையும் ஊழியர்களுக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தது. வியாபார நேரத்தில் கதவைச் சாத்துவது செலவு என்று தெரியாதவர்களா அவர்கள்? ‘பழைய மாஸ்டர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? டம்ளர் கழுவவே ஒரு வருஷம் விடுவார்கள், டிகாக்ஷன் பக்கம் எட்டிப் பார்த்தால் திட்டு’ என்பது அடுத்த ஆட்சேபம். ஒப்புக்கொள்கிறேன். திரை திட்டாது, அந்த மட்டில் அதற்கு ஒரு கும்பிடு. கை கழுவுவது, ஒவ்வாமை, காலாவதித் தேதி இவற்றைத் திரையில் படித்தால் குடிமுழுகிப் போகாது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும் கேட்கிறது. மூன்றாவது ஆட்சேபத்தையும் முடித்துவிடுகிறேன், அதுதான் பெரிய சூரப்புலி: ‘பிள்ளைகள் ஆறு மாசத்தில் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள், யாருக்கு உட்கார்ந்து கற்றுத்தருவது?’ நியாயம் போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு வீட்டுக்குப் போய், சொந்த போனில், சொந்த டேட்டாவில், ‘நாளைக்குள் முடிக்கவும்’ என்ற நினைவூட்டலுக்குப் பயந்து ராத்திரி பதினோரு மணிக்குப் புன்னகை பற்றிய வீடியோ பார்க்கிறவர் ஆறு மாசம் தாங்கியதே பெரிது. கடை நேரத்தில், சம்பளத்தோடு, கெட்டுப்போகும் பாலுக்குக் கணக்குப் பார்க்காமல், அனுபவஸ்தர் ஒருவர் பக்கத்தில் நின்று பதினைந்து நாள் கற்றுத்தந்த பிறகும் ஓடுகிறார்களா என்று சோதித்துப் பார்த்துவிட்டு அந்த ஆட்சேபத்தைச் சொல்லட்டும். அது வரைக்கும் தலைமையகத்தில் வரைபடம் பச்சையாக இருக்கிறது, நூற்றுக்கு நூறு பேர் பாடத்தை முடித்துவிட்டார்கள் என்று என்னிடம் வந்து யாரும் பெருமை பேச வேண்டாம்.