மாஸ்டருக்கு வயது 28

எங்களுக்கு வந்த சந்தேகங்களில் பாதி எழுத்தில் வரவில்லை, புகைப்படமாக வந்தன. லேப்டாப் திரையைச் செல்போனில் பிடித்த படம். கோணலாக இருக்கும். ஒரு மூலையில் ட்யூப்லைட் பளிச்சிடும், நடுவில் எடுத்தவரின் பனியன் மங்கலாகத் தெரியும். அதற்கு மேல் சிவப்பு எழுத்தில் ஏகப்பட்ட வரிகள். கூடவே ஒரு குறிப்பு: “மேடம், எரர் வருது, ப்ளீஸ்.”

பைத்தானுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்த வழியாகப் போய் எங்கே தடுக்கி விழுந்தோம் என்று மேலிருந்து விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்து, விழுந்ததற்கான காரணத்தைக் கடைசி வரியில் சொல்லிவிடும். படத்தில் அந்தக் கடைசி வரி மட்டும் இருக்காது. போனை எவ்வளவு கவனமாகப் பிடித்தால் அதை மட்டும் இப்படி நறுக்க முடியும் என்று நான் வியந்ததுண்டு. சிவப்பைப் பார்த்ததும் கோர்ட் சம்மன் வந்த வீடுபோல ஆகிவிடுவார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. “கடைசி வரியை அனுப்புங்கள்” என்பதே என் நிரந்தரப் பதிலாயிற்று. மாணவர்கள் தங்களுக்குள் எனக்குக் ‘கடைசி வரி அக்கா’ என்று பெயர் வைத்திருந்ததை வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா என்பது அகால உறவு. பகலில் நான் மேடம். ஞாயிறு இரவு 11.59க்கு அசைன்மென்ட் கெடு முடியும் என்றால், பத்து மணி வரை மேடம், பதினொன்றுக்கு மேல் அக்கா, 11.58க்கு வெறும் ‘க்கா’. ரிசல்ட் நன்றாக வந்துவிட்டால் மறுபடி மேடம்.

இந்த வேலைதான் 21ஆம் நூற்றாண்டிலேயே மிகக் கவர்ச்சியானது என்று 2012 அக்டோபரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் தாமஸ் டேவன்போர்ட்டும் டி.ஜே. பாட்டீலும் எழுதினார்கள். அவர்கள் சொன்னது டேட்டா சயின்டிஸ்ட் வேலையை. அதைப் படிக்க வந்தவர்களுக்கு நள்ளிரவில் விடுபட்ட அடைப்புக்குறியைத் தேடிக் கொடுக்கும் வேலை அந்தக் கட்டுரையின் கணக்கில் வராது. 2020இல் சென்னை ஐஐடி ப்ரோக்ராமிங், டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை இணையவழியில் தொடங்கியது. அதே காலத்தில் ஊரடங்கும் சேர்ந்துகொள்ள, பெரிதும் சிறிதுமாகப் பல இடங்களில் இந்தப் படிப்பு முளைத்தது. அப்படி முளைத்த ஓரிடத்தில் புள்ளியியல் படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக மாணவர் உதவித் திட்டத்தை என் தலையில் கட்டினார்கள்.

வந்தவர்களில் எல்லா வயதும் உண்டு. பிளஸ் டூ முடித்த கையோடு வந்த பையன், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வகுப்புக்கு வரும் கணிதப் பட்டதாரி, ஐடியில் டெஸ்டிங் பார்த்து அலுத்தவர், வங்கியில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். சின்னப் பிள்ளைகள் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று பரிதாபப்பட்டார்கள். உண்மைதான், மவுஸைக் கண்ணாடிப் பாத்திரம்போல நகர்த்துவார். ஆனால் ‘ஏஜ் என்ற காலமே (column) இல்லை’ என்று கம்ப்யூட்டர் அடம்பிடிக்க, ஒரு குழுவே இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, “பேருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் அடிச்சிருக்கான் பாருங்க” என்று சொன்னவர் அவர்தான். ஆயுள் முழுக்க லெட்ஜர் பார்த்த கண்.

டேட்டா சயின்ஸ் படித்த யாரும் டைட்டானிக்கில் ஏறாமல் கரை சேர்ந்ததில்லை. பயிற்சிக்குக் கொடுக்கும் பட்டியலில் 891 பயணிகள். பெயர், வயது, டிக்கெட் விலை எல்லாம் இருக்கும். யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று மெஷின் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு பையன் நூற்றுக்கு நூறு துல்லியம் என்று அறிவித்தான். குழுவில் கைதட்டல், பட்டாசுப் படங்கள். பார்த்தால், பிழைத்தாரா இல்லையா என்ற காலத்தையும் சேர்த்தே மெஷினுக்குக் கொடுத்திருக்கிறான். விடைத்தாளைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு ஸ்டேட் ஃபர்ஸ்ட். இன்னொருவன் பட்டியலில் இருந்த எல்லோருமே செத்தார்கள் என்று எழுதிக் கொடுத்தான். அதற்கே 62 சதவீதம் வந்தது. 891 பேரில் 549 பேர் உண்மையிலேயே இறந்தவர்கள். ஒன்றுமே செய்யாதவனுக்கு முதல் வகுப்பு தரும் துறை இது என்பதை மாணவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் 177 பேருக்கு வயது இல்லை. வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்பது பாடம். தெரிந்த வயதுகளின் மீடியன் 28. ஆகவே ஒரே வரி கோடில் 177 பேருக்கும் 28 வயது. எல்லோரும் அப்படியே செய்து, டிக் வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். வங்கிப் பெரியவர் மட்டும் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். “மேடம், இவருக்கு ‘மாஸ்டர்’னு போட்டிருக்கே, இது யாரு?” அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் சின்னப் பையன்களின் பெயருக்கு முன்னால் மாஸ்டர் என்று போடுவார்கள். வயது விடுபட்டவர்களில் அப்படி நான்கு மாஸ்டர்கள். “அப்ப இந்தப் பொடியனுக்கு 28 வயசா?” என்றார். வகுப்பில் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், “மாடல் அக்யூரசி குறையல சார்” என்றான். “குறையாம இருக்கலாம் தம்பி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார் பெரியவர்.

சாக்குகளையும் நான் டேட்டாவாகவே பார்க்கப் பழகிவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னை மிதந்தது. கெடுவைத் தள்ளிவைக்கச் சொல்லி மெயில்கள் குவிந்தன. வேளச்சேரியிலிருந்து ஒன்றும் வரவில்லை. அங்கே போனுக்கே உயிர் இல்லை. வந்த மெயில்களில் உருக்கமானது பெங்களூரிலிருந்து வந்தது. சென்னை வெள்ளத்தை டிவியில் பார்த்து மனம் சரியில்லையாம். கேட்டவனுக்கு மட்டும் கெடு தந்தால் நீரில் மூழ்கியவனுக்கு முட்டை மார்க். விடுபட்ட மதிப்பு ஏன் விடுபட்டது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று சொல்லி, எல்லோருக்கும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பெங்களூர்க்காரனுக்கும் சேர்த்துத்தான்.

அதற்கு முன்பே, 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. சில மாதங்களில் எங்கள் வாசலில் கூட்டம் குறைந்தது, பிறகு வேறு மாதிரியான கூட்டம் வந்தது. நேற்றுவரை வேரியபிளுக்கு ‘x’, ‘xx’, ‘xxx’ என்று பெயர் வைத்தவர்கள், இன்று வரிக்கு வரி அரசிதழ் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினார்கள். ஒரு பெண் முதல் வரியிலேயே எரர் என்று கோப்பை அனுப்பினாள். திறந்தேன். முதல் வரி: ‘நிச்சயமாக! நீங்கள் கேட்ட கோட் இதோ.’

ஆனால் எனக்கு அந்த வேலையில் பிடித்துப்போனது, பிள்ளைகள் சொந்த டேட்டாவைக் கொண்டுவந்த புராஜெக்ட் வாரங்கள். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்பாவின் மளிகைக் கடைப் பற்று நோட்டை எக்செல்லில் ஏற்றிக் கொண்டுவந்தாள். மாதக் கடைசியில் யார் பாக்கியைக் கொடுப்பார்கள் என்று கணிப்பது திட்டம். முதல் தகராறு அலமாரியில். சரக்கு இருப்பது இரண்டாம் அலமாரி, ஐந்தாம் தட்டு என்பதை அவள் அப்பா, கடை அண்ணாச்சி, ‘2-5’ என்று எழுதுவார். எக்செல் அதை மே 2 ஆக்கிவிட்டது. துவரம்பருப்பு மே மாதத்தில் இருந்தது, கடுகு அக்டோபரில். அவள் அழாக்குறையாக நின்றாள். மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே, எக்செல் தேதியாக மாற்றித் தொலைக்கிறதென்று 2020இல் சில ஜீன்களின் பெயரை மாற்றிக்கொண்டு ஒதுங்கிவிட்டது, அண்ணாச்சி எம்மாத்திரம் என்று தேற்றினேன்.

அடுத்து ‘கோயில் வாசல் ஆச்சி’, ‘கோ.வா. ஆச்சி’, ‘ஆச்சி’ என்று மூன்று பேர். மூவரும் ஒரே ஆச்சி என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அதற்கும் அடுத்து, கெடு என்ற காலத்தில் ஆங்காங்கே வெற்றிடம். பாடத்தில் சொன்னபடி சராசரியைப் போட்டு நிரப்பி, பட்டியலை வீட்டில் காட்டியிருக்கிறாள். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். “ஆசாரி மாமாவுக்குப் பதினஞ்சு நாள் கெடுன்னு எவன் சொன்னான்? அவன்கிட்ட நான் என்னைக்கு கெடு சொல்லியிருக்கேன்? கடை வைக்க முதல் சரக்குக்குப் பணம் குடுத்தவன் அவன்.”

வெற்றிடங்கள் எல்லாம் அந்த வகை. மறந்து விட்டவை அல்ல, வேண்டுமென்றே எழுதாமல் விட்டவை. அவள் சராசரியை அழித்துவிட்டு, பட்டியலில் புதிதாக ஒரு காலம் சேர்த்தாள். அதற்கு அவள் வைத்த பெயர்: ‘அப்பா கேட்க மாட்டார்’. ஆம் அல்லது இல்லை. வாங்கிய தொகை, மாதம், பண்டிகை எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, பாக்கி வருமா வராதா என்பதைச் சொல்வதில் அந்தக் காலம்தான் முதலில் நின்றது.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர். மூக்குக் கண்ணாடியை இறக்கி, “இந்த வேரியபிளுக்கு டேட்டா எப்படிக் கலெக்ட் பண்ணே?” என்றார்.

“ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒவ்வொரு பேரா அப்பாகிட்ட கேட்டேன் சார்.”

“வேலிடேஷன்?”

“அம்மா பார்த்தாங்க சார். அதுல ரெண்டு பேரை அடிச்சுட்டாங்க.”